ஃபிலிண்டர்ஸ் மலையில் கல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரின் பேர் சுங்கை சிப்புட். மலாயில் அதற்கு நத்தை ஆறு என்று பொருள். ஊர்ப் பேரிலேயே நத்தை இருப்பதாலோ என்னவோ, "கல்லுக்குள்ள பழைய உயிர் இருக்கு" என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் உடனே ஒரு சிப்பியையோ சங்கையோ எதிர்பார்ப்பார்கள். இல்லாவிட்டால் டைனோசர் எலும்பு.

இப்போது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலும் பெர்த்திலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றவர்கள் ஒரு மாதம் போய்த் தங்கி வருகிறார்கள். அடிலெய்டுக்குப் போனால் பிள்ளைகள் காடியில் (காரில்) ஏற்றி, வடக்கே 430 கிலோமீட்டர் தள்ளி, கல்லில் பழைய உயிர்களின் பதிவுகள் இருக்கும் ஃபிலிண்டர்ஸ் மலைத்தொடருக்குக் கூட்டிப் போவார்கள். மலைக்குள் நுழையும் முன் வரும் ஹாக்கர் என்ற சிற்றூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 300 மில்லிமீட்டர்தான். எங்கள் ஊரில் ஒரு நல்ல நவம்பர் மாதம் அதைத் தொட்டுவிடும். திரும்பி வந்து ஒட்டுக்கடையில் தே தாரேக் என்ற இழுத்த தேநீரை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு மலைகளைப் பற்றிச் சொல்லும் கதைகளில் பாதி தவறு. நானும் அப்படிச் சொன்னவன்தான், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதல் தவறு உச்சி வெயிலில் கல்லைப் பார்ப்பது. என் அக்கா மகன் என்னை நில்பினாவுக்குக் கூட்டிப் போனான். பழைய கால்நடைப் பண்ணை நிலம் அது. 2023 முதல் தேசியப் பூங்காவாகத் திறந்திருக்கிறார்கள், வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே போக முடியும். ஒரு மணற்கல் படுகையைக் காட்டி, "மாமா, இதுதான் உலகப் புகழ் பெற்றது" என்றான். குனிந்து பார்த்தேன். வெளுத்த கல், கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. இதற்காகவா இத்தனை மணி நேரம் காடியில் உட்கார்ந்து வந்தோம் என்று எனக்கு எரிச்சல்.

வழிகாட்டி எங்களில் இரண்டு பேரை வெயிலை மறைத்து நிற்கச் சொன்னார். பிறகு ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தார். உள்ளங்கை அளவில் முட்டை வடிவம் ஒன்று எழும்பி வந்தது. நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் வாழையிலை நரம்பு மாதிரி வரிவரியாக மெல்லிய மடிப்புகள். டிக்கின்சோனியா என்ற மிகப் பழைய கடல் உயிரின் பதிவு. டார்ச்சை நிமிர்த்தியதும் காணாமல் போனது, சாய்த்ததும் மறுபடி வந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டார். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடுதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். அந்த விளக்கு பட்டையில் சாய்ந்து விழும்போது பழைய வெட்டு எவ்வளவு ஆழம், புது வெட்டு எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும் என்பார். பத்து மணி வெயிலில் அதே மரம் மொழுமொழுவென்று நிற்கும். இந்தப் பதிவுகளின் ஆழமும் மில்லிமீட்டர் கணக்குதான். சாய்ந்த வெளிச்சம் இல்லாமல் கண்ணுக்குப் பிடிபடாது. காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை வெயில் இறங்கும்போதோ பாருங்கள். முடியாவிட்டால் கையில் டார்ச் இருக்கட்டும்.

(ரெக் ஸ்பிரிக் 1946இல் இந்த மலைப்பகுதியின் எடியாக்காரா குன்றுகளில் இவற்றை முதலில் கவனித்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்று ஒரு கதை உண்டு. பழைய சுரங்கங்களைப் பார்வையிட அரசாங்கம் அனுப்பிய நிலவியலாளர் அவர். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அந்தக் கண் வேறு.)

அடுத்த தவறுதான் பெரியது: எலும்பையும் ஓட்டையும் தேடுவது. அந்த உயிர்களுக்கு எலும்பும் கிடையாது, ஓடும் கிடையாது. உடல் முழுக்க மென்மை. அப்படியானால் கல்லில் எது தங்கியது? அச்சு மட்டும்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தட்டில் பாலை ஊற்றி ஆசிட் கலந்து உறைய விட்டிருக்கும்போது ஒரு இலை பறந்து வந்து மேலே விழுந்துவிடும். உறைந்த பிறகு இலையைப் பிய்த்துப் போடலாம், ஆனால் நரம்பு நரம்பாக அதன் தடம் ரப்பர் ஷீட்டில் நிற்கும். எடியாக்காராவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆழமில்லாத கடலடியில் நுண்ணுயிர்கள் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தன. அதன் மேல் இந்த உயிர்கள் கிடந்தன. புயல் மணலை வாரிக் கொட்டி எல்லாவற்றையும் மூடியது. உடல் அழுகிப் போவதற்குள் மேலே விழுந்த மணல் இறுகி முகமூடி போல ஆகிவிட்டது. நுண்ணுயிர்ப் பாய்தான் அதை இறுக்க உதவியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பாயின் தடத்தையும் கல்லில் பார்க்கலாம், யானைத் தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்கும்.

ஆகவே நல்ல அச்சு இருப்பது மேல் பலகையின் அடிப்பக்கத்தில். நாம் மேல் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல லா" என்று வந்துவிடுகிறோம். நில்பினாவில் ஆய்வாளர்கள் படுகைப் பலகைகளைத் துண்டு துண்டாகத் தூக்கி, குப்புறத் திருப்பி, புதிர்ப் படம் சேர்ப்பது போலத் தரையில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அச்சைப் படி எடுக்க அவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது எதை என்று நினைக்கிறீர்கள்? ரப்பர் பால். கல்லின் மேல் பூசிக் காயவிட்டு உரித்தால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் வந்துவிடும். கல்லுக்குச் சேதம் இல்லை, படியைச் சுருட்டி எடுத்துப் போகலாம். இதை ஒட்டுக்கடையில் சொன்னபோது பழைய மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர், "பாத்தீங்களா, நம்ம பால் இல்லாம அங்கயும் வேல ஆகல" என்றார்.

பெரிய ஆட்களும் இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறார்கள். ஓடுள்ள உயிர்கள் பெருகிய கேம்பிரியன் என்ற நிலவியல் காலத்துக்கு முன் கண்ணால் பார்க்கக்கூடிய உயிர்ப் பதிவே கிடையாது என்று ஸ்பிரிக்கின் நாட்களில் உறுதியாக நம்பினார்கள். ஸ்பிரிக்கே தான் கண்டது கேம்பிரியன் தொடக்கத்தைச் சேர்ந்தது என்றுதான் நினைத்தார். சொன்னதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1957இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில், கேம்பிரியனுக்கு முந்தியது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பாறையில், ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவன் இலை போன்ற ஒரு பதிவைக் கண்டான். அப்புறம்தான் மார்ட்டின் கிளாஸ்னர் என்ற நிலவியலாளர் ஆஸ்திரேலியப் பதிவுகளை மறுபடி எடுத்து ஆராய்ந்து அவற்றின் பழமையை நிலைநாட்டினார். 2004இல் கேம்பிரியனுக்கு முந்திய அந்தக் காலப்பகுதிக்கே எடியாக்காரன் என்று பெயர் வைத்தார்கள். டிக்கின்சோனியா விலங்கா, பாசியா, பூஞ்சையா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2018இல் ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த ஒரு டிக்கின்சோனியாவில் கொலஸ்டராலின் எச்சம் தென்பட்டது. கொலஸ்டரால் விலங்குக்கு அடையாளம். நம் ஊரில் டாக்டர் திட்டும்போது மட்டும் காதில் விழும் சொல்.

இனி எண்ணிக்கைத் தவறு. இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரியது. வாட்ஸ்அப்பில் "550 கோடி ஆண்டு பழமையான உயிர்" என்று ஒரு செய்தி சுற்றுவதைப் பார்த்தேன். 550 மில்லியன் என்பதை மாற்றத் தெரியாமல் எழுதியது. பத்து மில்லியன்தான் ஒரு கோடி, ஆகவே அது 55 கோடி. பூமியின் வயதே ஏறக்குறைய 454 கோடி ஆண்டுதான், பூமி பிறக்குமுன் உயிர் எங்கே குடியிருந்தது? முதல் டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆக எடியாக்காரா உயிர்கள் அவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பழசு. தீபகற்ப மலேசியாவின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றான லங்காவியின் மச்சின்சாங் மலையே இவற்றுக்கு இளையது.

அதே மலைத்தொடரில் இருக்கும் வில்பினா பவுண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானத்திலிருந்து பார்த்தால் சுற்றிலும் மதில் வைத்த பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும். "எரிமலை வாய்" என்பார்கள், இல்லாவிட்டால் "விண்கல் விழுந்த பள்ளம்" என்பார்கள். எங்களோடு வேன் ஓட்டி வந்தவர்கூட எரிமலை என்றுதான் சொன்னார். இரண்டும் இல்லை. குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரத்தை இரண்டு பக்கமும் கையை வைத்து மெதுவாக நெருக்கினால் ஒரு இடம் மேடாக வளையும், பக்கத்து இடம் குழியாக வளையும். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிப் படிவுகள் இப்படி நெருக்குண்டு மடிந்தன. மேடாக வளைந்த பகுதி விரிசல் விட்டுச் சீக்கிரம் அரித்துப் போனது. குழியாக வளைந்த பகுதியின் கெட்டியான மணற்கல் விளிம்பு மட்டும் இன்று மதிலாக நிற்கிறது. சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. எரிமலை என்றால் அடுக்குகள் வாயிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். இங்கே எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சரிகின்றன. கல்லும் எரிமலைக் குழம்பு இல்லை, அலை வரிகள் பதிந்த கடற்கரை மணல். அந்த மண்ணுக்குரிய அத்ன்யாமத்தன்ஹா மக்கள் இந்த இடத்தை இக்காரா என்கிறார்கள், கூடும் இடம் என்று பொருள்.

ஆனால் விண்கல் கதை முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உண்மையான பள்ளம் மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, அக்ராமன் என்ற உப்பு ஏரி இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 58 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே விண்கல் விழுந்த அடியில் சிதறிய, அந்த இடத்துப் பழைய எரிமலைப் பாறையின் துணுக்குகள் அவ்வளவு தூரம் பறந்து வந்து இங்கே கடலுக்குள் விழுந்தன. பவுண்டைச் சுற்றியுள்ள புன்யெரூ என்ற செந்நிறக் களிக்கல்லில் மெல்லிய பட்டையாக அவை இன்றும் கிடக்கின்றன. பெரிய கிண்ணத்தைப் படம் எடுத்துவிட்டு இந்தப் பட்டையை மிதித்துக்கொண்டு போகிறோம்.

பாலைவனம் என்றைக்கும் பாலைவனமாகவே இருந்தது என்ற நினைப்பும் தவறு. கடல் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்கும் முன்னே அங்கே பனிக்கட்டி இருந்திருக்கிறது. எலட்டினா என்ற பாறையடுக்கு பனியாறுகள் விட்டுப்போன படிவு. அது உருவான சமயம் அந்த நிலம் பூமத்தியரேகைக்கு அருகில் இருந்தது. அதாவது இன்றைய நம் ஊர் மாதிரியான இடத்தில் பனி.

பிராச்சினா பள்ளத்தாக்கில் 20 கிலோமீட்டருக்கு நிலவியல் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போனால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்கு வரிசையாக வருவீர்கள். மேற்கிலிருந்து நுழைந்தால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்த மாதிரி. பாதையோரம் எனோராமா ஓடையில் பாறையில் பதித்த ஒரு சிறிய வெண்கல வட்டு இருக்கும். எடியாக்காரன் காலத்தின் தொடக்கத்துக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட எல்லைக்குறி அது. அதைப் புதைபடிவம் என்று நினைத்துத் தடவிப் பார்த்தவர்களும் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

கல் வெடிப்பில் கறுப்பாகப் பெரணிச் செடி வரைந்த மாதிரி இருந்தால் மயங்க வேண்டாம், அது மாங்கனீசு ஆக்சைடு கசிந்து படர்ந்த கோலம், செடி இல்லை. சிவப்பு நிறத்தைப் பார்த்து "நம்ம தோட்டத்துச் செம்மண் மாதிரி" என்பதும் அரைகுறைதான். இரண்டிலும் இரும்புதான் சிவப்பு. ஆனால் நம் செம்மண் மழையில் பாறை ஆழம்வரை மக்கியதால் வந்தது. அங்கே பல மணற்கற்களில் சிவப்பு மேல் பூச்சோடு சரி, உடைந்த முகத்தில் வெளிர் நிறம் தெரியும். நம் ஊருக்குப் பின்னால் நிற்கும் சுண்ணாம்பு மலைகளும் பழைய கடலடிதான். வெப்பத்திலும் அழுத்தத்திலும் பெரும்பாலும் பளிங்காக மாறியதால் உள்ளே இருந்த சிப்பித் தடங்கள் அழிந்துவிட்டன, மிச்சத்தைக் காடு மூடிவிட்டது.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "ஒரு கல்லுதானே" என்று பையில் போட்டுவிடாதீர்கள். பூங்காவிலிருந்து கல் எடுப்பது குற்றம். புதைபடிவத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதை ஆஸ்திரேலியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை விடுங்கள், எந்தப் படுகையில், எந்தப் பக்கம் பார்த்து, எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அந்தக் கல்லின் உயிர். ஷோகேஸில் வைத்தால் அது வெறும் கல். படம் நன்றாக வரும் என்று அச்சின் மேல் சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம்.

போவது என்றால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் போங்கள். கோடையில் நாற்பது டிகிரி சர்வ சாதாரணம், மழை பெய்தால் மண் சாலையை மூடிவிடுவார்கள். போகுமுன் ஊரிலேயே கொஞ்சம் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். எங்கள் கோயில் பின்கட்டில் சிமெண்டு ஈரமாக இருந்தபோது ஒரு நாய் நடந்து போயிருக்கிறது. பகலில் பத்து முறை கடந்து போனாலும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைத் தரையில் சாய்த்து அடித்தேன். நாலு கால் தடம், நடுவில் வாலை இழுத்த கோடு, சுவரோரம் திரும்பி நின்ற இடத்தில் ஒரு தடம் மட்டும் ஆழமாக.