ஆள் பார்த்துத் தொடர் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவிடம் ஒரு பிரிட்டிஷ் தொடரைப் பற்றி, "ஹாப்பி வேலி பாருங்கக்கா, பிரமாதமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெயரிலேயே ஹாப்பி இருக்கிறதே என்று அவரும் சனிக்கிழமை ராத்திரி சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து போட்டிருக்கிறார். மறுநாள் துணி உலர்த்த வந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தத் தொடரின் முதல் காட்சி இப்படி இருக்கும். விளையாட்டுத் திடலில் ஒரு பையன் மேலெல்லாம் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு லைட்டரோடு நிற்கிறான். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் தீயணைப்பு உருளையோடு வருகிறார் கேத்தரின் கேவுட் என்ற போலீஸ் சார்ஜென்ட். அவனைப் பேச்சில் நிறுத்தி வைக்கத் தன் கதையைச் சொல்கிறார்: வயது 47, விவாகரத்தானவள், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் தங்கையோடு இருக்கிறேன், பிள்ளைகள் இரண்டு, ஒன்று செத்துப்போய்விட்டது, இன்னொன்று என்னோடு பேசுவதில்லை, பேரன் ஒருவன் இருக்கிறான். ஏதோ ரேஷன் கடை வரிசையில் நின்று ஊர்க்கதை பேசுகிற மாதிரி சொல்லிவிடுவார். எனக்கு அது தொலைக்காட்சியில் வந்த சிறந்த தொடக்கங்களில் ஒன்று. ஆனால் அந்த அக்காவின் மகன் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பழக்கத்தில் விழுந்து இரண்டு தடவை மறுவாழ்வு இல்லம் போய் வந்தவன். தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் வாய் முந்திக்கொண்டது.

அதற்கப்புறம்தான் யாருக்காவது தொடர் சொல்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. யாரோடு உட்கார்ந்து பார்ப்பீர்கள், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும், பிணத்தைப் பார்த்தால் சாப்பாடு இறங்குமா, வீட்டில் இப்போது ஏதாவது கஷ்டம் ஓடுகிறதா. கடைசிக் கேள்வியை நேராகக் கேட்க முடியாது. டீ போட்டுக் கொடுத்துப் பேசினால் தானாக வந்துவிடும்.

நேரக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு. 2023-ல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது டர்பனில் இரண்டு மணி நேரத் துண்டுகளாக மின்சாரம் போய்ப் போய் வரும். கொலைகாரன் பெயரைச் சொல்லப்போகும் நொடியில் திரை கறுத்துவிடும். வேரா, எண்டவர், மிட்ஸோமர் மர்டர்ஸ் எல்லாம் ஒரு அத்தியாயமே ஒன்றரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு சினிமா. ராத்திரி எட்டரைக்கு மேல்தான் சமையலறையை விட்டு வெளியே வர முடியும் என்கிறவருக்கு அதைச் சொன்னால் மூன்று நாளைக்குத் துண்டு துண்டாகப் பார்த்து, யார் யாருக்கு மாமா என்பதையே மறந்துவிடுவார். அவருக்கு அரை மணி நேர நகைச்சுவைதான் தோது. பிரிட்டிஷ்காரர்களிடம் இருக்கிற நல்ல குணம், சீக்கிரம் முடித்துவிடுவார்கள். நம் ஊர் மெகா சீரியலோடு ஒப்பிட்டால் நம்ப மாட்டீர்கள், ஃபால்ட்டி டவர்ஸ் மொத்தமே 12 அத்தியாயம். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, அவ்வளவுதான். ஹாப்பி வேலி ஒரு சீசனுக்கு ஆறு. ஆரம்பிக்கத் தயங்குகிறவரிடம் முதலில் இந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பாதித் தயக்கம் போய்விடும். இன்னொன்று, அவர்கள் 'சீரிஸ்' என்று சொல்வது நாம் 'சீசன்' என்று சொல்வதைத்தான். 'இரண்டாவது சீரிஸ்' என்றதும் வேறு தொடர் என்று நினைத்துத் தேடியவர்கள் உண்டு.

பிண விஷயத்துக்கு வருகிறேன். காவடி விரதம் இருக்கும் பத்து நாளும் என் அத்தை கறி மட்டுமல்ல, கொலையும் தொடமாட்டார். "விரதத்துல ரத்தம் பாக்கலாமாடா?" என்பார். சரி, அந்தப் பத்து நாளுக்கு டெத் இன் பாரடைஸ். கொலை நடக்கும், ஆனால் ரத்தம் ஒரு சொட்டுக்கு மேல் காட்டமாட்டார்கள். கரீபியன் தீவொன்றில் கதை, தீவின் பெயர் கற்பனை, படம் பிடிப்பது குவாதலூப்பில். முதல் சீசன்களில் வரும் இன்ஸ்பெக்டர் அந்த வேர்வையிலும் கோட்டு சூட்டைக் கழற்றாமல் நல்ல டீ கிடைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டிருப்பார். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது தனிச் சுகம். அத்தைக்கு அடுத்ததாக டேவிட் சூஷே நடித்த புவாரோ கொடுத்தேன். 1989 முதல் 2013 வரை ஒரே நடிகர், 70 அத்தியாயங்கள், பளபளவென்று மீசை, யாரும் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். பேரப்பிள்ளைகள் மடியில் இருந்தாலும் பயமில்லை.

பேச்சு புரியுமா என்பதை யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள்தானே நாம், புரியாமல் என்ன என்று நினைப்போம். வேராவைப் போட்டுப் பாருங்கள், தெரியும். "நியூகாசில் பக்கம் நடக்கிற கதை" என்று நான் சொன்னதும் ஒரு அண்ணன், "நம்ம நியூகாசிலா? அங்கே என் மச்சான் இருக்கானே!" என்றார். குவாசுலு நட்டாலில் இருக்கிற நியூகாசில் இல்லை அண்ணா, இங்கிலாந்தின் வடகிழக்கில் இருப்பது. அவர்கள் பேசுவதில் பாதி காதில் ஏறாது, திரைக்குக் கீழே வசன எழுத்தைப் போட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். சொல்லும்போதே "நானும் எழுத்துப் போட்டுத்தான் பார்த்தேன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூத்தவர்கள் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வேரா என்ற போலீஸ் அதிகாரியாக வரும் பிரெண்டா பிளெதின் நடிப்புக்கு மொழியே வேண்டாம், அழுக்குத் தொப்பியும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, அதட்டும்போதும் எதிராளியை 'பெட்' என்று செல்லமாகக் கூப்பிடுவார். எங்கள் ஆயா ஒருத்தர் "இவ என்னை மாதிரியே இருக்கா" என்று சொல்லி 2011-ல் தொடங்கியதை வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டார்.

எந்த வரிசையில் பார்க்கச் சொல்வது என்பதும் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டில் துப்பறியும் மோர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் தொடங்கிய இன்ஸ்பெக்டர் மோர்ஸ், அவருடைய உதவியாளரை வைத்து 2006-ல் வந்த லூயிஸ், இளமைக்காலத்தைச் சொல்லும் எண்டவர், மூன்று தொடர்கள். கதைக் காலப்படி எண்டவர் முதலில் என்று எல்லாரும் அதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். மோர்ஸ் தன் முதல் பெயரைப் பத்து வருஷமாக யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்து 1997-ல்தான் வெளியே விட்டார், அந்தப் பெயர்தான் எண்டவர். புதுத் தொடரின் தலைப்பே பழைய தொடரின் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறது! பொறுமை உள்ளவர்களுக்கு மோர்ஸிலிருந்துதான் சொல்லுவேன். அவசரக்காரர்கள் எண்டவரில் ஆரம்பிக்கட்டும், படம் புதிது, கண்ணுக்கு இதமாக இருக்கும்.

அப்புறம், இங்கே அரசு ஊழலை விசாரித்த ஜொண்டோ விசாரணை ஆணையத்தை 2018-லிருந்து டீவியில் உட்கார்ந்து பார்த்த கூட்டம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. சாட்சி தண்ணீர் குடிப்பதையும் பக்கம் புரட்டுவதையும் கிரிக்கெட் மாதிரி பார்த்தவர்கள். அவர்களுக்கு லைன் ஆஃப் டியூட்டி தவிர வேறெதையும் சொல்லாதீர்கள். போலீஸே போலீஸைப் பிடிக்கும் ஊழல் தடுப்புப் பிரிவின் கதை. விசாரணை அறைக் காட்சிகள்தான் உயிர், நீளமாக ஒரு பீப் சத்தம் வந்ததும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தாள் தாளாக எடுத்துப் போடுவார்கள். துப்பாக்கிச் சண்டையில் இல்லாத படபடப்பு அந்த மேசையில் இருக்கும். ஆனால் 2012-ன் முதல் சீசனிலிருந்துதான் பார்க்கவேண்டும், நடுவில் ஏறினால் சுருக்கெழுத்துப் பெயர்களிலேயே தலை சுற்றிவிடும். யார் நல்லவர் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

அலுவலகத்தோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்களுக்கு ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். எனக்கே ஒரு தடவை பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பதினெட்டாயிரம் ராண்டுக்குத் தண்ணீர் பில் வந்தது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு" என்று ஒரே பதிலைப் பத்து மாதம் கேட்டேன். அந்த நாட்களில் பார்த்தது 2024 ஜனவரியில் வந்த மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆஃபிஸ், நான்கே அத்தியாயம், உண்மைக் கதை. கிராமத்துத் தபால் நிலையம் நடத்தும் ஒரு பெண் கணக்கு உதைக்கிறதே என்று உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டு, அவர்கள் சொன்னபடி விசைகளை அழுத்துகிறார். அவர் கண்ணெதிரிலேயே பற்றாக்குறை இரட்டிப்பாகிறது! ஹொரைசன் என்ற மென்பொருளின் கோளாறு, ஆனால் திருட்டுப் பட்டம் இந்த மனிதர்களுக்கு. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள், பல வருஷமாக வழக்கு நடந்தும் அசையாத நாடு இந்த நாடகம் வந்த பிறகு கொதித்தது, அதே வருஷம் மே மாதம் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். சிபாரிசு செய்யும்போது ஒரு எச்சரிக்கையும் கொடுங்கள்: ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பார்க்கவும்.

நகைச்சுவை சொல்வதுதான் கஷ்டம். கொலைக் கதை பிடிக்கவில்லை என்றால் "பரவாயில்லை" என்று விட்டுவிடுவார்கள், சிரிப்பு வரவில்லை என்றால் நம் ரசனையையே சந்தேகப்படுவார்கள். அதோடு நம் ஊர் பெரியவர்களுக்குப் பழைய பிரிட்டிஷ் காமெடி பழக்கமில்லை, அதற்குக் காரணம் அவர்கள் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5-ல்தான் வந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டி தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இங்கே விற்கத் தடை போட்டுவிட்டது. அதனால் அமெரிக்கத் தொடர்கள் வந்தன, ஜெர்மன் துப்பறியும் தொடர் டெரிக் ஆஃப்ரிகான்ஸ் பேசிக்கொண்டு வந்தது. எண்பதுகளில் தாத்தா டீவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்து அமெரிக்கத் தொடரின் அசல் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். டீவியில் ஆஃப்ரிகான்ஸ் குரல் ஓடும்போது அசல் ஒலி ரேடியோவில் வரும், அப்படி ஏற்பாடு இருந்தது. ஆக, எழுபது வயதுக்காரரிடம் "இதெல்லாம் உங்க காலத்து காமெடி" என்று நீட்டாதீர்கள், அவருக்கும் அது புதுசுதான்.

சாட்ஸ்வர்த்திலிருந்து வசதியானவர்கள் இருக்கும் உம்லாங்கா பக்கம் வீடு மாறி, ஃபோன் எடுக்கும்போது குரலை மாற்றிக்கொள்ளும் அத்தை எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் இருப்பார். அவரைத் தவிர மீதிப் பேருக்கு கீப்பிங் அப் அப்பியரன்ஸஸ் சொல்லுங்கள். பக்கெட் என்ற குடும்பப் பெயரை பூக்கே என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று ஊரையே வதைக்கும் ஹயசின்த், அவருடைய மானத்தை வாங்கவே பிறந்த தங்கச்சி வீட்டார். முதல் நிமிஷத்திலேயே யாரென்று புரிந்துவிடும். அரசியல் பேசுகிறவர்களுக்கு யெஸ் மினிஸ்டர், 1980-ல் தொடங்கியது, அமைச்சர் ஒன்றைச் செய்ய நினைப்பார், செயலாளர் சர் ஹம்ஃப்ரி மூச்சு விடாமல் ஒரு நீள வாக்கியம் பேசி அதை நடக்காமல் செய்துவிடுவார்.

நம் முகங்கள் வரும் காமெடி வேண்டும் என்று கேட்பவர்களிடம் வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலம் கற்கும் வகுப்பை வைத்து எடுத்த மைண்ட் யுவர் லேங்வேஜ் பக்கம் போகவேண்டாம் என்பேன். சிரிப்பு வரும், மறுக்கவில்லை, ஆனால் உச்சரிப்பை வைத்தே சீசன் சீசனாக ஓட்டுவது எனக்கு அலுத்துவிட்டது, நம் பாட்டன்கள் கரும்புத் தோட்டத்தில் வாங்கிய கேலியும் அதே ரகம்தானே. 1998-ல் டீவிக்கு வந்த குட்னெஸ் கிரேஷியஸ் மீ அதைத் தலைகீழாகப் புரட்டியது. குடித்துவிட்டு வரும் இந்தியக் கும்பல் ஓர் இங்கிலீஷ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இருப்பதிலேயே சப்பென்ற பதார்த்தம் எது என்று வீம்புக்குக் கேட்டு, சிப்ஸை இருபத்துநான்கு தட்டு ஆர்டர் செய்யும் காட்சி ஒன்று போதும். அதில் நடித்த சஞ்சீவ் பாஸ்கரை 2015-லிருந்து அன்ஃபர்காட்டனில் அமைதியான துப்பறிவாளராகப் பாருங்கள், பழைய எலும்புகள் கிடைத்து, முப்பது நாற்பது வருஷம் பொத்தி வைத்த ரகசியம் வெளியே வரும். காமெடியிலிருந்து ஒருவரைக் கொலைக் கதைக்கு இழுத்து வர எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாலம் இல்லை.

எதைச் சொன்னாலும் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பத்துப் பெயர் அடுக்கினால் பதினொன்றாவதாக வேறெதையோ பார்ப்பார்கள். எந்தச் சேவையில் எது இருக்கிறது என்பது அடிக்கடி மாறுகிறது, ஆகவே சொல்வதற்கு முன் இன்றைக்கு எங்கே கிடைக்கிறது என்று ஒரு நடை தேடிவிட்டுச் சொல்லுங்கள். "எங்கேயோ இருந்துச்சு" என்றால் அதோடு போச்சு. மறுநாளே "பாத்தாச்சா?" என்று நச்சரிக்கவும் வேண்டாம்.

அந்த அக்காவிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு சீசனும் முடிச்சிட்டேன். அந்தப் பேரப்பையன் என்ன ஆனான்?" மூன்றாவது சீசன் இருக்கிறது அக்கா என்றேன், அதே பையன் நிஜமாகவே வளரட்டும் என்று ஏழு வருஷம் காத்திருந்து 2023-ல் வெளியிட்டார்கள் என்றும் சொன்னேன். "ஏழு வருஷமா?" என்றவர், கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டு, "சரி, இன்னிக்கு ராத்திரி நீயும் வா, போட்டுக் குடு" என்றார்.