வெள்ளைக் கல்லை இனங்காணும்போது விடும் தவறுகள்

மாத்தளை, கண்டிப் பக்கத்து வீதி வெட்டுகளில் கிடைக்கும் வெள்ளைக் கல் பெரும்பாலும் குவாட்ஸ், பெல்ஸ்பார், கல்சைற்று, டொலமைற்று ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும். இவற்றை நிறத்தால் பிரிக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் விடும் தவறு. இரும்புக்கறை பிடித்தால் நான்கும் மஞ்சளாகிவிடும். கையில் தூக்கிப் பார்ப்பதும் வீண். அடர்த்தி நான்குக்கும் நீரைப்போல் சுமார் 2.55 முதல் 2.9 மடங்குதான்.

கடினம் பார்ப்பதே நல்ல வழி. கனியங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் கல்சைற்று 3, டொலமைற்று 3.5–4, பெல்ஸ்பார் 6, குவாட்ஸ் 7. உருக்குக் கத்தி 5.5 அளவில் நிற்பதால் முதல் இரண்டைக் கீறும், மற்ற இரண்டைக் கீறாது. ஆனால் இங்கேதான் சறுக்கல் அதிகம். மலைநாட்டு மழையில் பெல்ஸ்பாரின் மேற்புறம் உக்கி வெண்களியாக மாறியிருக்கும். அதைக் கீறிவிட்டுக் கல்சைற்று என்பார்கள். கல்லை உடைத்துப் புதிய முகத்திலேயே கீறுங்கள். குவாட்ஸில் கத்தி இழுத்தால் சாம்பல் கோடு விழும். அது கத்தியின் இரும்பு. ஈரவிரலால் துடைத்தால் போய்விடும், பள்ளம் இருக்காது. கல்சைற்றோ டொலமைற்றோ சீனி போன்ற மணிகளாக இறுகிய பளிங்கில் (மார்பிள்) மணிகள் உதிர்வதையும் கீறல் என்று எண்ணக்கூடாது. ஒரு மணியின் நடுவில் கீறிப் பாருங்கள்.

குவாட்ஸையும் பெல்ஸ்பாரையும் பிரிக்க உடைவைப் பாருங்கள். குவாட்ஸ் உடைந்த போத்தல் போல வளைந்து உடையும். பெல்ஸ்பார் ஏறக்குறையச் செங்கோணத்தில் இரண்டு தட்டை முகங்களாகப் பிளக்கும். வளர்ந்த படிக முகத்தைப் பிளவு முகமென்று நினைப்பதும் உண்டு. பிளவானால் உடைக்க உடைக்க அதே திசையில் திரும்ப வரும்.

கல்சைற்று, டொலமைற்று இரண்டும் சாய்சதுரமாகவே பிளக்கும். அங்கே அமிலம்தான் கைகொடுக்கும். 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் கல்சைற்று உடனே நுரைக்கும். டொலமைற்று, கவ்வாத்துக்குப் பின் தேயிலை மலைக்குப் போடும் அதே சரக்கு, பொடியாக்கினால்தான் மெல்ல நுரைக்கும். எனவே கத்தி கீறிய பொடியின்மேல் முதற்சொட்டை விடாதீர்கள். துடைத்த முகத்தில் விட்டுப் பார்த்த பிறகே பொடியில் விடுங்கள். துளைகளிலிருந்து வெளிவரும் காற்றுக் குமிழியும் நுரை மாதிரித் தெரியும், ஆனால் இரண்டாம் சொட்டில் நின்றுவிடும். ஒரே பளிங்கில் இரண்டு கனியங்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் மூன்று நான்கு இடங்களில் சோதியுங்கள்.