சமாதானம் பேசிய ஊரில் செல்போனை எடுக்கும் முன்

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு இரண்டு தம்பிகளோடு போயிருந்தேன். மஞ்சுவிரட்டில் வந்த அடிதடியால் இரண்டு தெருவும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவழியாகப் பேசி முடித்தோம். டீ வருவதற்குள் ஒரு தம்பி போட்டோவை ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டார். உடனே அழிக்கச் சொன்னேன். என் கோபம் அவருக்குப் புரியவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வதந்தி பரப்பக்கூடாது, கெட்ட வார்த்தை எழுதக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சமாதானம் பேசப் போகிற நாமே நல்லெண்ணத்தில் போனில் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கும்பிடும் படத்தை அன்றைக்கே போடுவது

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தவற்றை நான் செய்தேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் மண்டை உடைந்து, வழக்காகி, கோட்டாட்சியர் முன்னால் மூன்று முறை பேசியும் தீரவில்லை. கடைசியில் இரண்டு தெருப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து பேசி முடித்தோம். எழுந்து கும்பிடும்போது ஆதிதிராவிடர் தெருப் பெரியவரின் தோளிலிருந்து துண்டு நழுவியது. குனிந்து எடுத்தார். எதிரே அடுத்த தெருவின் தலைவரான அம்பலகாரர் நாற்காலியில் இருந்தார். அந்த நொடியில் எடுத்த படம் அது. என் கண்ணில் பட்டது அம்பலகாரரின் சிரிப்பு மட்டும்தான். ‘ஊர் ஒன்றாகிவிட்டது’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டேன்.

ராத்திரிக்குள் யாரோ என் வரியை எடுத்துவிட்டு ‘காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள்’ என்று ஒட்டிவிட்டார்கள். கொதித்தது முதலில் ஊர் இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற பையன்கள். “தாத்தாவை எப்படிக் குனிய வைக்கலாம்?” என்று வாய்ஸ் மெசேஜ் மேல் வாய்ஸ் மெசேஜ். விடிந்ததும் பெரியவர்களே வந்து போட்ட கையெழுத்தைத் திரும்பக் கேட்டார்கள்.

துண்டு இங்கே வெறும் துண்டு இல்லை. இந்தப் பகுதி அடங்கிய பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-இல் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேல் துணி போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அந்தப் பெரியவரின் அப்பா அந்தக் காலத்து மனிதர். மகன் தோளில் துண்டோடு வந்து சரிசமமாக உட்கார்ந்த நாளை நான் ஒரே படத்தில் தலைகீழாக்கிவிட்டேன். மறுபடி உட்கார வைக்க எட்டு மாதம் ஆனது. இன்னும் அதை நினைத்தால் தூக்கம் வராது.

நாம் அனுப்பியதை நாம் அழிக்கலாம். அடுத்தவர் வெட்டி ஒட்டி அனுப்பியதை என்ன செய்வது? 2018-இல் இந்தியாவில் வாட்ஸ்அப் ஒரு ஃபார்வர்டை ஒரே நேரத்தில் 5 ஆட்களுக்கோ குரூப்புக்கோ என்று குறைத்தது. அப்போது ஐந்தும் குரூப்பாக இருந்தால் ஒன்றியம் முழுக்கப் போய்விடும்.

இப்போது நான் கூட்டத்தில் படமே எடுப்பதில்லை. அடுத்த திருவிழா நல்லபடியாக முடியட்டும். அப்புறம் ஊருணி தூர்வாரும்போது எடுக்கிறேன். படத்தில் இருப்பவர்களிடம் காட்டி, எழுதும் வரியையும் படித்துக் காட்டி, இரண்டு பக்கமும் சரி என்றால் போடுகிறேன்.

வதந்திப் படத்தையே போட்டு மறுப்பது

வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

நாமாக ஒரு சமாதானக் குரூப் தொடங்குவது

முதல் வாரம் வணக்கம், இரண்டாம் வாரம் பழைய கணக்கு. தெருவுக்கு இரண்டு பேரோடு போனில் பேசினாலே போதும்.

எல்லோரையும் குரூப்பிலிருந்து வெளியேறச் சொல்வது

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பைத் தடுத்தது. தீ எரிகிற நாளின் கணக்கு வேறு. அடங்கிய பிறகும் மூடியே வைப்பது நல்லதில்லை. 1990-களில் இனப்போர் நடந்த போஸ்னியாவில், 2019-இல், அந்தப் போரின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நினைவு வாரத்தில், சிலரை ஃபேஸ்புக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆய்வு செய்தார்கள். நிறுத்தியவர்களிடம்தான் அடுத்த இனத்தார் மேல் இருந்த மதிப்பு குறைவாக இருந்தது. தம் இனத்தாரோடு மட்டுமே பழகுகிறவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நம் தெருக்களும் அப்படித்தானே இருக்கின்றன? அதனால் அந்த மஞ்சுவிரட்டு ஊரில் கிரிக்கெட் குரூப்பைக் கலைக்க நான் விடவில்லை. இரண்டு தெருப் பையன்களும் இருக்கிற குரூப் அது ஒன்றுதான். அடிதடி நடந்த வாரம்கூட, பந்து வாங்க ஆளுக்கு இருபது ரூபாய் கேட்டு அதில் ஒரு மெசேஜ் வந்திருந்தது.