பார்த்த ஊரைப் பார்ப்பது எப்படி

வெளியூருக்குப் போனால் மூன்று நாளில் எட்டு இடம் பார்த்துவிட்டு வருகிறோம். சொந்த ஊரில் இருபது வருடம் குடியிருந்தும், தினமும் கடந்து போகிற அருங்காட்சியகத்துக்குள் ஒருமுறைகூட நுழைந்திருக்க மாட்டோம். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. வெளியூரில் திரும்பும் வண்டிக்கு நேரம் குறித்திருக்கிறது. அந்த நெருக்கடிதான் விடிகாலையில் எழுப்பி நடக்க வைக்கிறது. உள்ளூரிலோ 'எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்'. அப்படிச் சொல்லி வைத்த இடத்துக்கு யாரும் போய்ச் சேர்வதில்லை.

ஆகவே உள்ளூருக்கும் ஒரு கெடு வேண்டும், ஓர் எல்லை வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும், மீதி அடுத்த தடவைக்கு. மறுபடி வரலாம் என்பதுதான் உள்ளூர்க்காரரின் பெரிய வசதி. அந்த வசதியை நாம் தள்ளிப்போடுவதற்கு மட்டுமே செலவழிக்கிறோம். அவசரமில்லாமல் பார்ப்பதற்குச் செலவழித்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

வட்டம் போடுங்கள்

வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து 1 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். உள்ளே 3 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் விழும். அதைத் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, நடந்து முடித்த தெருவை வண்ணப் பென்சிலால் தீட்டிக்கொண்டே வாருங்கள். நடந்த பாதையைத் தானாகப் பதியும் செயலிகள் உண்டு. ஆனால் போனுக்குள் கிடக்கிற வெற்றிடம் யாரையும் உறுத்தாது. சுவரில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கிற சந்து உறுத்தும். அச்செடுக்க, 2004-ல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வசதியானது. விட்டுப்போன சந்தை அதில் நீங்களே சேர்க்கலாம்.

அடுத்தது வேகக் கணக்கு. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சாதாரண நடை மணிக்கு 4.5 முதல் 5 கிலோமீட்டர். நின்று, அண்ணாந்து, படித்துப் பார்த்து நடந்தால் 2 முதல் 2.5. வரைபடச் செயலி 40 நிமிடம் என்று காட்டும் 3 கிலோமீட்டர் பாதைக்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். இதைப் போடாமல் 7 கிலோமீட்டர் திட்டம் போட்டால், பின்பாதி முழுக்கப் பார்வை தரையிலும் கடிகாரத்திலும்தான் இருக்கும். கூடச் சின்னப் பிள்ளை வந்தால் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: தெருவில் எத்தனை வகைச் சன்னல் கம்பி என்று எண்ணச் சொன்னால் போதும், நம்மைவிட அதிகம் பார்க்கும்.

நாட்காட்டியில் 'ஞாயிறு ஊர் சுற்றல்' என்று எழுதினால் அது நடக்காது. 'ஞாயிறு 6.15, பழைய பாலம், வடகரை மட்டும்' என்று எழுதுங்கள். மாதம் இரண்டு முறை போதும். நடுவில் வேலை நாட்களுக்கு ஒரு சின்ன மாற்றம்: திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, பெரிய சாலையை விட்டு அடுத்த இணைத்தெரு வழியாக வீட்டுக்கு வருவது.

தெருவில் எங்கே பார்ப்பது

அண்ணாந்து. தரைத்தளத்தைக் கடைக்காரர்கள் மாறி மாறி இடித்துக் கண்ணாடி போடுகிறார்கள். மேல்தளத்துக்குச் செலவழிக்க யாருக்கும் அக்கறையில்லை. அதனாலேயே கட்டிய ஆண்டு, உரிமையாளர் பெயரின் முதலெழுத்து, சுதை வேலைப்பாடு எல்லாம் மேலே தப்பிக் கிடக்கின்றன. எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றால்தான் அவை கண்ணில் படும். கட்டடத்தை ஒட்டி நடப்பவருக்குத் தெரிவது பெயர்ப்பலகை மட்டும். ஆண்டைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: அடிக்கல்லில் இருப்பது வேலை தொடங்கிய நாள், திறப்புக் கல்லில் இருப்பது முடிந்த நாள், முகப்பில் இருப்பது சில சமயம் புதுப்பித்த ஆண்டு. மூன்றும் வேறு வேறு.

பிறகு தெருவின் வளைவு. சுற்றிலும் கட்டம் கட்டமாகத் தெருக்கள் போகும்போது ஒன்று மட்டும் காரணமில்லாமல் வளைந்தால், அடியில் மூடிய ஓடையோ, இடித்த மதிலோ, எடுத்துவிட்ட தண்டவாளமோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வியன்னாவின் ரிங் வீதி, 1857-ல் மதிலை இடிக்க உத்தரவான பிறகு அந்த மதில் இருந்த வளையத்திலேயே போட்டது. நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட், டச்சுக்காரர்கள் 1653-ல் எழுப்பிய மதிலின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. உங்கள் ஊரில் தண்ணீரே இல்லாத இடத்தில் தெருப்பெயரில் துறையோ குளமோ, மதிலே இல்லாத இடத்தில் வாசலோ வந்தால், அந்தத் தெருவை அடுத்த ஞாயிறுக்கு எழுதி வையுங்கள்.

பழைய படம் எடுத்த இடத்தில் நிற்பது

உள்ளூர் பார்ப்பதில் இதைவிடச் சுவையான விளையாட்டு இல்லை. செலவும் கிடையாது. உங்கள் ஊர்த் தெருவின் பழைய புகைப்படம் ஒன்று, போன், பொறுமை. நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவிலோ ஆவணக் காப்பகத்திலோ படம் கேட்கும்போது 'பழைய படங்கள்' என்று கேட்டால் நூலகர் விழிப்பார். தெருவின் பெயரையும் ஏறக்குறைய ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். படத்தில் உள்ளவற்றில் இரண்டு பொருளாவது இன்றும் நிற்க வேண்டும். ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில். ஒரு கட்டடத்தின் மூலையும் அதற்குப் பின்னால் தெரியும் மணிக்கூண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இடவலம். படத்தில் மணிக்கூண்டு மூலைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் நகர்ந்தால் தூரத்துப் பொருள் உங்கள் கூடவே வரும், நடக்கும்போது நிலா வருவதுபோல. ஆகவே படத்தில் கூண்டு இன்னும் இடப்பக்கம் தள்ளியிருந்தால், நீங்களும் இடப்பக்கம் நகர வேண்டும். அரையடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்து முன்பின். கிட்டப் போகப் போகக் கிட்டத்துப் பொருள் சட்டென்று பெரிதாகும், தூரத்துப் பொருள் அவ்வளவாக மாறாது. படத்தில் கட்டடம் கூண்டைப்போல் எத்தனை மடங்கு உயரம் என்று அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். நேரில் போன் திரையில் அதே விகிதம் வரும்வரை முன்னே பின்னே போங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, நடக்காமல் ஜூம் செய்வது. ஜூம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்; விகிதம் மாறாது. இடத்தைக் காலால் பிடித்துவிட்டு, சட்டகத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது உயரம். சமதளத்தில் நிற்கும் ஆட்களின் தலைகள், அருகில் நிற்பவர் தூரத்தில் நிற்பவர் என்று பாராமல் ஒரே கோட்டில் இருந்தால், படம் எடுத்தவரும் தரையில்தான் நின்றிருக்கிறார். தூரத்து ஆட்களின் தலை அருகில் இருப்பவர்களின் தலையைவிட மேலே ஏறிப் போனால், அவர் மாடியிலோ வண்டியின் மேலோ இருந்தார். அப்படியானால் எதிரே உள்ள கட்டடத்தின் முதல் மாடிச் சன்னலைத் தேடுங்கள். காவலாளியிடம் படத்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

எவ்வளவு முயன்றும் பொருந்தவில்லையா? படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. பலகை எழுத்தையும் சட்டைப் பொத்தான் பக்கத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாம் பொருந்தினால் நிழலைப் பாருங்கள். சூரியன் 45 பாகையில் இருக்கும்போது கம்பத்தின் நிழல் கம்பத்தின் உயரமே இருக்கும். அதைவிட நீளமென்றால் சூரியன் இன்னும் தாழ்ந்திருந்த வேளை. படம் எடுத்த இடம் இன்று சாலையின் நடுவே வந்திருந்தால் அங்கே போய் நிற்க வேண்டாம். ஓரத்திலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை அடி தள்ளி என்று குறித்தால் போதும்.

வெளிச்சம்

கிழக்கு பார்த்த முகப்புக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை. போனில் உள்ள திசைகாட்டியை வைத்து ஒருமுறை குறித்துக்கொண்டால் வீண் நடை மிச்சம். கல்வெட்டும் புடைப்புச் சிற்பமும் நேர் வெளிச்சத்தில் மழுங்கித் தெரியும். சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வெயில் விழும் அரைமணி நேரத்தில் எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். நிழலில் இருக்கிற கல்வெட்டுக்குக் கைவிளக்கை ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். சுண்ணாம்போ மாவோ தேய்த்துப் படிக்கிற பழைய வழக்கம் வேண்டாம், கல் கெடும்.

அருங்காட்சியகத்தில் 45 நிமிடம்

1916-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ஓர் ஆளை நிறுத்தி, காட்சிப்பெட்டிகளைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்து வெளியிட்டார். அருங்காட்சியகக் களைப்பு என்ற சொல் அந்தக் கட்டுரையின் தலைப்பு. கால் வலி ஒரு பங்கு. குனிந்து குனிந்து படிப்பது இன்னொரு பங்கு.

உள்ளூர்க்காரர் இதைத் தவிர்க்கலாம், ஏனென்றால் எல்லாவற்றையும் இன்றே பார்த்துத் தொலைக்க வேண்டியதில்லை. ஒரே கூடம், ஐந்து பொருள், 45 நிமிடம். ஒவ்வொன்றின் முன்னும் முதல் மூன்று நிமிடம் குறிப்பட்டையைப் படிக்காமல் பாருங்கள்: எதனால் செய்தது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது. பிறகு படித்தால் அந்த இரண்டு வரி மனதில் தங்கும். கிளம்பும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். வார விடுமுறை என்றைக்கு (பல இடங்களில் திங்கள்), கடைசி அனுமதி எத்தனை மணிக்கு. மூடும் நேரத்துக்கு அரைமணி, ஒரு மணி முன்னதாகவே வாசலை நிறுத்திவிடுவார்கள். கூட்டம் பிடிக்குமென்றால் மே 18, பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது, பல இடங்களில் அன்று சிறப்பு நிகழ்ச்சி இருக்கும். பிடிக்காதென்றால் அந்த நாளை விட்டுவிட்டு ஒரு மழைநாளின் முற்பகலில் போங்கள்.

மரம், பேருந்து

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று, மாதாமாதம் ஒரு படம். பன்னிரண்டு படத்தில் இலையுதிர்வும் தளிரும் பூவும் வரிசைப்படும். பெயர் தெரியாவிட்டால், படத்தைப் பார்த்து மற்றவர்கள் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். ஒரு படம் போதாது: இலையின் இருபுறம், கிளையில் இலை அமைந்திருக்கும் விதம், பட்டை, பூ அல்லது காய் என்று நான்கைந்து வேண்டும். பூங்காவில் நட்டு வளர்த்த மரமென்றால் 'வளர்ப்பு' என்று குறியிட வேண்டும்; அத்தகைய பதிவுகள் ஆய்வுத் தர நிலைக்குப் போகாது. சுவர் வெடிப்பில் தானாக முளைத்த செடிக்குத்தான் அங்கே மதிப்பு. வீட்டுக்கு அருகில் எடுத்த படமென்றால் இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதியைத் தட்டிவிடுங்கள்.

பேருந்தில் ஒரு தடத்தை முனையிலிருந்து முனைவரை போய் வருவது, உட்கார்ந்த இடத்திலேயே ஊரை நெடுக்காக வெட்டிப் பார்ப்பது மாதிரி. நெரிசலில்லாத முற்பகலில் ஏறுங்கள். காலையில் வண்டி வடக்கே போனால் வெயில் வலப்பக்கம், ஆகவே இடப்பக்கச் சன்னல். திரும்பும்போதும் இடப்பக்கமே உட்கார்ந்தால் எதிர்ச்சாரியைப் பார்ப்பீர்கள். அதற்காகவே திரும்புகாலுக்கும் அதே தடம்.

நாலு பேரைக் கூட்டிப் போவது

வட்டம் பாதி நிறைந்ததும் இதையும் செய்து பார்க்கலாம். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக 2007-ல் டொராண்டோவில் தொடங்கிய 'ஜேன்ஸ் வாக்' நடைகளை நடத்துகிறவர்கள் அந்தந்தப் பேட்டைவாசிகளே, கட்டணம் கிடையாது. அதே முறை உங்களுக்கும் போதும். பத்துப் பேருக்குள், ஒன்றரை கிலோமீட்டர், ஆறு நிறுத்தம், ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் முன்னால், அதே நேரத்தில் ஒருமுறை தனியாக நடந்து பாருங்கள்: எங்கே இரைச்சல், எங்கே பத்துப் பேர் வழியை மறிக்காமல் நிற்க முடியும், கழிப்பறை எங்கே. பேசுகிறவர் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும். கேட்கிறவர்களைக் கண்கூச நிற்க வைத்தால் மூன்றாவது நிமிடம் பேச்சு காதில் ஏறாது. ஒரு நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம். வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் வாசலில் நிற்காதீர்கள்.

கேட்டுவிட்டு நின்றால் பாதி இடங்களில் அவரே வெளியே வந்து பேசத் தொடங்குவார். அவர் சொல்வதை அன்று இரவே எழுதி வையுங்கள்: எந்த வாசலில், என்ன ஆண்டு, அவர் கண்ணால் கண்டதா, அப்பா சொல்லிக் கேட்டதா.