வீட்டு மெஷினில் ஃப்ரீ மோஷன் குவில்டிங்: பழகத் தொடங்குகிறவர்களுக்கு

இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்டிங். சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவது ஊசிக்கு அடியில் இருக்கும் மெஷினின் பல். ஃப்ரீ மோஷனில் அந்த வேலை முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடும். தையல் எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு நீளமாக விழ வேண்டும், இரண்டையும் கைதான் தீர்மானிக்கும். வளையத்தில் துணியை மாட்டி மெஷின் எம்ப்ராய்டரி போடுகிறவர்கள் செய்வதும் இதேதான். இங்கே வளையம் கிடையாது, நடுவில் ஒரு பஞ்சு அடுக்கு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பாபின் சுற்றவும் நூல் கோக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

பழகுவதற்கான துண்டு

14 இன்ச் சதுரமாக இரண்டு காடாத் துணி, நடுவில் மெல்லிய காட்டன் பேட்டிங், அதாவது பஞ்சு விரிப்பு. பேட்டிங் கிடைக்காவிட்டால் பழைய மெல்லிய பருத்திப் போர்வையை வெட்டிப் போடலாம். புசுபுசுவென்று உப்பும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் மட்டும் வேண்டாம். துணியை அழுத்தும் மெஷின் காலுக்கு (ஃபுட்) அடியில் சிக்கி இழுக்கும். புதிதாகப் பழகுகிறவர் கோளாறு தன் கையில்தான் என்று நினைத்துக்கொள்வார். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, 4 இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள்.

பூப்போட்ட துணி வேண்டவே வேண்டாம், தப்பெல்லாம் அதில் மறைந்துவிடும். அதே காரணத்துக்காக மேல்நூல் நீலம், அடிநூல் சிவப்பு என்று வேறு வேறு நிறம் போடுங்கள். டென்ஷன் (நூலின் இறுக்கம்) எங்கே கெட்டது என்று துணியே காட்டிக்கொடுக்கும். ஆனால் இரண்டும் ஒரே ரக, ஒரே கனமுள்ள நூலாக இருக்க வேண்டும். நிஜமான குவில்ட் தைக்கும்போது ஒரே நிறத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

ஊசி 14ஆம் நம்பர், புதியது. நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அறுந்தால் 16 போட்டுப் பாருங்கள்.

மெஷினைத் தயார் செய்தல்

வழக்கமான காலைக் கழற்றிவிட்டு, ஊசியோடு சேர்ந்து எழும்பும் டார்னிங் ஃபுட் மாட்டுங்கள். முன்பக்கம் திறந்த உலோகக் கால்தான் என் தேர்வு; மூடிய பிளாஸ்டிக் வட்டத்துக்குள் ஊசி விழும் இடம் சரியாகத் தெரிவதில்லை. இந்தக் காலில் பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஊசியைப் பிடிக்கும் திருகின் மேலே உட்கார வேண்டும். கீழே மாட்டினால் கால் ஊசியோடு சேர்ந்து எழும்பாது.

அடுத்து பல்லை இறக்குங்கள். அதற்கான நெம்புகோல் பெரும்பாலும் மெஷினின் பின்பக்கமோ பாபின் அறைக்குள்ளோ இருக்கும். தையல் நீளத்தை 0-வில் வையுங்கள். பல்லை இறக்கும் வசதியே இல்லாவிட்டாலும் கவலையில்லை, நீளம் 0 என்றால் பல் மேலும் கீழும் அசையுமே தவிர துணியைத் தள்ளாது.

கைக்குப் பிடிமானம் வேண்டும். இதற்கென்று விற்கும் கையுறையைத் தேட வேண்டியதில்லை. பணம் எண்ணும்போது விரலில் மாட்டுகிற ரப்பர் உறை ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலுக்கு மாட்டினால் போதும்.

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வது

ஊசியை இறக்கி, துணியை நகர்த்தி, நாலு தையல் போட்டதுமே கடகடவென்று சத்தம் வந்து மெஷின் இறுகி நின்றுவிடும். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு நூல் பந்து. உடனே பாபினைக் கழற்றி, பாபின் கேஸ் திருகைத் திருகத் தொடங்குவார்கள். வேண்டாம், பாபின் மேல் தப்பில்லை.

காலைத் தூக்கும் நெம்புகோல் மேலேயே இருக்கும். போய்ப் பாருங்கள். சாதாரணக் கால் இறங்காவிட்டால் துணி நழுவுவதைக் கொண்டே தெரிந்துவிடும். டார்னிங் ஃபுட்டோ இறக்கிய பிறகும் துணியை அழுத்திப் பிடிக்காது. இறங்கியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குப் பிடிபடாது. நெம்புகோல் மேலே இருக்கும்வரை டென்ஷன் தட்டுகள் விரிந்தே இருக்கும், மேல்நூலுக்குப் பிடிமானமே இருக்காது. அந்தத் தளர்ந்த நூலெல்லாம் அடியில் போய்க் குவிகிறது.

நூல் கோக்கும்போது இதற்கு நேர்மாறு. நெம்புகோல் மேலே இருந்தால்தான் தட்டுகளுக்கு நடுவே நூல் இறங்கும். ஆகவே மேலே வைத்துக் கோத்து, கீழே இறக்கித் தையுங்கள். சோதிக்க சுலபமான வழி: காலை இறக்கிவிட்டு மேல்நூலை லேசாக இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, தாராளமாக வந்தால் மறுபடி கோக்க வேண்டும்.

தைக்கலாம்

மேல்நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, அடிநூலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரே இடத்தில் மூன்று நான்கு பொடித் தையல். பிறகு நுனிகளை வெட்டிவிடலாம்.

இரண்டு உள்ளங்கையையும் ஊசிக்கு இருபுறமும் தட்டையாக வைத்து நகர்த்துங்கள். ஊசி நிதானமான நடுத்தர வேகத்தில் ஓட, கை மெதுவாகப் போக வேண்டும். பயத்தில் பெடலை மெல்ல மிதித்துக் கையை வேகமாக இழுப்பதுதான் வழக்கமாக நடக்கும். தையல் நீளநீளமாக விழும், ஊசி வளைந்து தகட்டில் பட்டு உடையவும் உடையும். இன்ச்சுக்கு 8 முதல் 10 தையல் விழுந்தால் நல்ல அளவு.

கண் ஊசியில் நிலைக்கக் கூடாது, போகப்போகும் இடத்தில் இருக்க வேண்டும். துணியைச் சுழற்றாதீர்கள், மேல், கீழ், பக்கவாட்டு என்று நகர்த்தினால் போதும். கையை மாற்றி வைக்க வேண்டுமானால் ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ஓடும்போது மாற்றினால் அந்த இடத்தில் ஒரு துருத்தல் விழும்.

எதைத் தைத்துப் பழகுவது? கோடு, அலை, பிறகு எழுத்து. ‘உ’ என்று வரிசையாக, பேனாவை எடுக்காமல் எழுதுவதுபோலச் சேர்த்துத் தையுங்கள், அப்புறம் ‘ல’. வளைவும் சுழியும் கைக்கு ஏற்கெனவே பழக்கமானவை என்பதால், மனம் வேகத்தில் மட்டும் இருக்கும். அதன்பிறகு ஒன்றையொன்று வெட்டாமல் வளைந்து வளைந்து ஓடும் மீயாண்டரிங். எந்த டிசைனையும் முதலில் காகிதத்தில் பேனாவால் பத்து வரி போட்டுப் பார்ப்பது நல்லது.

பின்பக்கத்தைப் படியுங்கள்

ஒரு சாண் தைத்ததும் துணியைத் திருப்புங்கள். முன்பக்கம் அழகாக இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போனால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டி வரும்.

வளைவுகளில் மட்டும் பின்பக்கம் நீல நூல் இமைமுடிபோல நீட்டிக்கொண்டிருந்தால், வளைவில் கை முந்துகிறது. முதலில் கையை அடக்குங்கள். அப்போதும் வந்தால் மேல் டென்ஷனை அரை எண் கூட்டுங்கள். நேர்க்கோட்டிலும் நீலம் தெரிந்தால் டென்ஷனேதான். முன்பக்கம் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம், அரை எண் குறைக்க வேண்டும். தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். புது ஊசியிலும் அப்படியே என்றால் கால் அதிக உயரத்தில் இருக்கிறது, ஊசி எழும்போது துணியும் கூடவே எழுகிறது.

கருப்பு மெஷின் வைத்திருப்பவர்கள் கேட்டதற்காகச் சேர்த்தது

கால் மிதி மெஷினில் தாராளமாகச் செய்யலாம். மேஜையோடு மெஷின் சமமாகப் பதிந்திருப்பதால் துணி வழுக்கிப் போக வசதி. மின்சாரச் சிறு மெஷின்காரர்கள் சுற்றிலும் புத்தகம் அடுக்கி இதே சமதளத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. பல்லை இறக்க முடியாத மெஷினில் அது துணியை உரசித் தொந்தரவு செய்தால், மெல்லிய அட்டையில் ஊசிக்கு ஓட்டை போட்டு, தகட்டின் மேல் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். பாபின் மாற்றும் மூடியை அடைக்காமல் ஒட்டுங்கள். சக்கரம் பின்பக்கமாக ஒரு சுற்றுப் போனாலும் நூல் சிக்கி அறுந்துவிடும். எனவே முதல் சுற்றைக் கையால் முன்பக்கம் தள்ளி, மிதி சீரான பிறகு இரண்டு கையையும் துணிக்குக் கொண்டுவாருங்கள்.