1970 செவெல்: ரீங்காரம் போச்சு, உறுமல் இருக்கு

என்னுடையது 1970 செவர்லே செவெல். 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். முந்தைய உரிமையாளர் குட்டையான சேம்பர் மஃப்ளர் (உள்ளே அறைகள் உள்ள ஒலியடக்கி) மாட்டி, புகைக்குழாயைப் பின் அச்சுக்கு முன்னாலேயே வெட்டிவிட்டிருந்தார். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது கேட்க அருமை. ஆனால் 55 மைல் வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்றில் ஓடும்போது, தரைத்தகடே அதிரும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். 2,300 சுற்றில் நொடிக்கு 153 துடிப்பு. அந்தத் தாழ்ந்த ஒலி காருக்கு அடியிலேயே வெளியேறினால் கேபின் மத்தளம்தான்.

முதல் வேலையாகக் குழாயை அச்சுக்கு மேலே வளைத்து பம்பர் வரை நீட்டினேன். பாதித் தொல்லை அதிலேயே போயிற்று. அப்புறம் நீளமான டர்போ வகை மஃப்ளர். உள்ளே புகை எஸ் வடிவில் திரும்பி வரும். கடைசியாக எச் பைப், அதாவது இரண்டு பக்கப் புகைக்குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய். அதை எங்கே வைப்பது? இரண்டு குழாய்களிலும் மலிவான ஸ்பிரே பெயின்ட் அடித்து எஞ்சினை ஓடவிட்டேன். பெயின்ட் பொசுங்குவது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங். பழைய கைவேலை, இன்றும் பலரும் செய்வதுதான்.

அதற்குப் பதில் எக்ஸ் பைப் (இரண்டு குழாயும் எக்ஸ் வடிவில் சேர்ந்து பிரிவது) போடச் சொன்னவர்கள் உண்டு. அதில் ஒலி வழவழப்பாகிவிடும். எனக்கு அந்தத் தடதடப்பு வேண்டும்.

இப்போது நெடுஞ்சாலையில் ரேடியோ கேட்கிறது. 1,900 சுற்றில் லேசான முனகல் மிச்சம். ஜே பைப் (பக்கத்தில் பிரியும், முனை அடைத்த கிளைக்குழாய்) வைத்தால் அதுவும் அடங்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.