நபார்டு கடன்: கேட்கும் இடத்திலும் போடும் கணக்கிலும் நேரும் தவறுகள்

"நபார்டு லோன் வாங்க எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்ற கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது. தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி என்ற நபார்டு, தனி விவசாயிக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை. அங்கே சேமிப்புக் கணக்கும் கிடையாது, நகைக்கடனும் கிடையாது. அது வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வங்கி.

சிவராமன் குழுவின் பரிந்துரைப்படி 1982 ஜூலை 12 அன்று நபார்டு தொடங்கப்பட்டது. அதுவரை ரிசர்வ் வங்கியின் வேளாண் கடன் பிரிவு பார்த்துவந்த வேலைகள் அதன் கைக்கு வந்தன. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி தன்னிடம் மிச்சமிருந்த பங்கையும் விற்றுவிட்டதால், இப்போது நபார்டு முழுக்க மத்திய அரசுடையது.

இப்படி ஒரு வங்கி எதற்கு? மக்கள் வங்கியில் போடும் டெபாசிட்டை ஓரிரு ஆண்டில் திருப்பிக் கேட்பார்கள். கிணறு, சொட்டுநீர், டிராக்டர், பழத்தோட்டம் ஆகியவற்றுக்கான கடன் திரும்பிவர ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் ஆகும். குறுகிய காலத்துக்கு வந்த பணத்தை நீண்ட காலத்துக்குக் கொடுக்க எந்தக் கிளை மேலாளரும் தயங்குவார். இந்த இடைவெளியைத்தான் நபார்டு நிரப்புகிறது. நீண்ட காலப் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டி, வங்கி விவசாயிக்குக் கொடுத்த கடனுக்கு ஈடான பணத்தை அந்த வங்கிக்குக் கடனாகத் தருகிறது. இதற்குப் பெயர் மறுநிதி. ஆக, அந்தப் பணத்தில் பெரும்பகுதி சந்தையில் வாங்கிய கடன். "நபார்டு பணம்தானே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று நினைப்பது அடுத்த தவறு.

பயிர்க்கடன் வரும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். நபார்டு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்குக் கொடுக்கிறது. அது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், அங்கிருந்து ஊர் சொசைட்டிக்கும் வருகிறது. வணிக வங்கியிலோ தமிழ்நாடு கிராம வங்கியிலோ வாங்கினால் இந்தப் படிகள் குறையும். எந்த வழியில் வந்தாலும் உங்களுக்குக் கடன் கொடுப்பது உங்கள் ஊர்க் கிளையோ சங்கமோதான். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் நட்டமும் அவர்களுடையதே. அதனால் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவர்கள் கையில் இருக்கிறது. "இவருக்குக் கொடு" என்று நபார்டு கிளைக்கு உத்தரவு போட முடியாது.

இது புரிந்தால் ஏமாற்றுக்காரர்களிடமிருந்தும் தப்பலாம். "நபார்டு திட்டத்தில் 10 லட்சம் எடுத்துத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் 5,000" என்று யாராவது வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தனிநபரிடம் கடன் விண்ணப்பமே வாங்காத வங்கிக்கு விண்ணப்பக் கட்டணம் எங்கிருந்து வரும்? விசாரிக்க வேண்டுமானால் மாவட்டத்தில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளர், மற்றவர் முன்னோடி வங்கி மேலாளர், அதாவது மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கப் பொறுப்பேற்ற வங்கியின் அதிகாரி. எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, எது நின்றுபோனது என்பதை இவர்களிடம் காசு செலவில்லாமல் கேட்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு நபார்டின் துணை நிறுவனமான நாப்கிசான் நேரடியாகவே கடன் தருகிறது. ஆனால் அது தனி விவசாயிக்கானது அல்ல, நிறுவனத்துக்கானது.

மானியத்தைக் கையில் வரும் பணமாக எண்ணுவது

அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். கடனோடு இணைந்த மானியங்கள் பெரும்பாலும் பின்முனை மானியங்கள். அதாவது, மானியம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. வங்கியில் மானிய இருப்புக் கணக்கு என்று தனியாக ஒன்றில் கிடக்கும். அந்தத் தொகைக்கு வங்கி உங்களிடம் வட்டி வாங்காது, அந்தக் கணக்குக்கு வட்டி தரவும் செய்யாது. மற்ற தவணைகளை ஒழுங்காகக் கட்டி முடித்தபின், கடைசியில் மிச்சக் கடனுக்கு ஈடாக அது வரவு வைக்கப்படும்.

வேளாண் பட்டதாரிகளுக்கான அக்ரி கிளினிக் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் மானியம் பொதுப் பிரிவுக்கு 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். திட்டச் செலவு 20 லட்சம், வங்கி கேட்கும் சொந்தப் பங்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையிலிருந்து 3 லட்சம் போக வேண்டும், கடன் 17 லட்சம். 36 சதவீத மானியம் 7.2 லட்சம். கடைசியில் நீங்கள் அசலாகக் கட்டுவது 9.8 லட்சம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் 3 லட்சம் இல்லாமல் வேலை நகராது. "மானியம் வந்ததும் சொந்தப் பங்கைப் போட்டுவிடலாம்" என்று வெளியில் வட்டிக்கு வாங்கியவர், மானியம் கைக்கே வராது என்று தெரியும்போது இரண்டு பக்கமும் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். தொழிலை நடுவில் மூடினாலோ கணக்கு வாராக்கடனாகிவிட்டாலோ அந்த மானியமும் திரும்பப் போய்விடும்.

இன்னொன்று, வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுவது. கடன் அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே கொட்டகை போட்டு, மாட்டையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், அந்தச் செலவை மானியக் கணக்கில் சேர்ப்பது கடினம். முதலில் அனுமதி, பிறகு கொள்முதல், ஒவ்வொன்றுக்கும் பில் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த மானியமானாலும் "நபார்டு" என்று சொல்வதும் அலைச்சலில் விடும். நபார்டு வழியாக வந்துகொண்டிருந்த பால் பண்ணைத் தொழில்முனைவோர் திட்டம் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆட்டுப் பண்ணைக்கு இப்போது பலரும் தேடும் 50 சதவீத மானியம் தேசிய கால்நடை இயக்கத்தினுடையது. 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்கு 10 லட்சத்திலிருந்து, 500 பெட்டை, 25 கிடாவுக்கு 50 லட்சம் வரை அதன் உச்சவரம்பு. அதற்கான பணம் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக வருகிறது. விண்ணப்பம் அதற்கென்றே உள்ள இணையதளத்தில். இதற்காக நபார்டு அலுவலகத்துக்கு நடந்து பயனில்லை.

திட்ட அறிக்கையில் 365 நாளும் பால் கறப்பது

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரி அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கியின் வேளாண் அலுவலர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் தவறு எப்போதும் அதே இடத்தில் இருக்கும்.

பத்து மாடு, மாட்டுக்குப் பத்து லிட்டர், 365 நாள், ஆக 36,500 லிட்டர் என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் மாடு ஓர் ஈத்துக்குச் சுமார் 300 நாள் கறக்கும். அடுத்த ஈத்து வர 14 மாதம், அதாவது 420 நாள் ஆகிறது என்று கொண்டால், ஆண்டுக்குச் சராசரியாக 260 நாள்தான் பால். அப்படியானால் 26,000 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் குறைவது 3,67,500 ரூபாய். அறிக்கையில் காட்டிய லாபம் முழுவதுமே இதில் கரைந்துபோகலாம். மூன்றாம் ஆண்டில் தவணை நின்றுபோன பண்ணைகள் பலவற்றில் முதல் ஓட்டை இதுதான்.

இதனால்தான் நபார்டின் மாதிரித் திட்டங்களில் மாடுகளை ஒரேயடியாக வாங்கச் சொல்வதில்லை. பாதியை முதலிலும், மீதியை ஐந்தாறு மாதம் கழித்தும் வாங்க வேண்டும். முதல் தொகுதி வற்றும்போது இரண்டாவது தொகுதி கறவையில் இருக்கும், தவணைக்கான பணம் ஆண்டு முழுக்க வரும். சந்தைக்கு ஒரே நாளில் போய் பத்து மாட்டையும் ஓட்டிவந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் வற்றும். அந்த நான்கு மாதத்தில் தீவனச் செலவு மட்டும் நிற்காமல் ஓடும்.

செலவுப் பக்கத்தில் காப்பீடு, மருத்துவம், ஆள் கூலி மூன்றும் விடுபடக் கூடாது. வீட்டு ஆட்களே வேலை செய்தாலும் கூலியை எழுதுங்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ அளவுக்குப் பசுந்தீவனம் வேண்டும். அது எந்த சர்வே எண்ணில் விளையப் போகிறது, அங்கே தண்ணீர் இருக்கிறதா என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். மாட்டின் விலையை இஷ்டத்துக்கு ஏற்றியும் எழுத முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு தொழிலுக்கும் அலகுச் செலவும் (ஒரு மாடு, ஒரு கொட்டகை போன்ற ஓர் அலகுக்கான செலவு), ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கான கடன் அளவும் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொரு ஆவணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நபார்டு ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வளம்சார்ந்த கடன் திட்டம் வெளியிடுகிறது. எந்த வட்டாரத்தில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் கொடுக்க இடமிருக்கிறது என்று அதில் இருக்கும். முன்னோடி வங்கி போடும் மாவட்டக் கடன் திட்டத்துக்கு அதுவே அடிப்படை. உங்கள் வட்டாரத்தில் உங்கள் தொழில் அதில் இருந்தால், அந்தப் பக்கத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

கெடு தேதியில் அலட்சியம்

கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம். முழு 3 லட்சத்துக்கும் ஓராண்டுக்கு 21,000 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 12,000 கட்டினால் போதும். ஒரு நாள் தவறினாலும் அந்த 9,000 போய்விடும், அதன்பிறகு சலுகை வட்டியும் நிற்கும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. வட்டியை மட்டும் கட்டிவிட்டுக் கணக்கைப் புதுப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அசலும் வட்டியும் சேர்த்து வரவாகியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் இதில் சேர்ந்ததே. 2021இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது உண்மை. ஆனால் சங்கம் மாவட்ட வங்கிக்கும், அது தலைமை வங்கிக்கும், அது நபார்டுக்கும் கட்டியாக வேண்டும். விவசாயி நிறுத்தினால் மேலே உள்ள யாருக்கும் தேதி நிற்காது. அரசு ஈடுகட்டும் பணம் வந்துசேரும் வரை சங்கத்தின் கை இறுகும், அடுத்த பருவத்தில் புதுக் கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்புவார். கட்டாதவரின் பெயரும் கடன் தகவல் அறிக்கையில் ஏறிவிடுகிறது.

ஊர்ப் பாலம் இலவசமல்ல

"நபார்டு நிதியில் கட்டப்பட்டது" என்ற பலகையைப் பார்த்து அது மானியம் என்று எண்ணுகிறோம். அது ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி. 1995-96இல் 2,000 கோடியில் தொடங்கியது. வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதற்குள் 18 சதவீதத்தை விவசாயத்துக்கும் கொடுக்க வேண்டும். குறைவாகக் கொடுத்த வங்கிகள் அந்தக் குறையைக் குறைந்த வட்டிக்கு இந்த நிதியில் டெபாசிட் செய்ய வேண்டும். அதிலிருந்து மாநில அரசுகளுக்குத் திட்டச் செலவில் 80 முதல் 95 சதவீதம் வரை கடனாகப் போகிறது. மாநிலம் அதை 7 ஆண்டுகளில் திருப்ப வேண்டும், முதல் 2 ஆண்டு அசல் கட்ட வேண்டியதில்லை.

தொடக்கத்தில் 20 சதவீத முன்பணம் கிடைக்கும். மீதியை மாநிலம் செலவு செய்து, கணக்குக் காட்டித்தான் வாங்க முடியும். நிலம் கையகப்படுத்தாமல், வனத்துறை அனுமதி இல்லாமல் பட்டியலில் சேர்த்த பாலம் பாதியில் நிற்பது இதனால்தான். வேலை நடக்காவிட்டால் செலவு இல்லை, செலவு இல்லாவிட்டால் அடுத்த தொகை வராது. கிராம சபையில் பாலம் கேட்டுத் தீர்மானம் போடுபவர்கள், அணுகுசாலைக்கான நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அதே தீர்மானத்தோடு சேர்த்துக் கொடுத்தால் கோப்பு வேகமாக நகரும்.